குவாதலூப்பே: பாலைக்குள் ஒரு சதுர மைல்

ஃபீனிக்ஸ் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு அரிசோனா மில்ஸ் மால் தெரியாமல் இருக்காது. அதை ஒட்டிப் போகும் பிரீஸ்ட் டிரைவில் தெற்கே வந்து பேஸ்லைன் சாலையைத் தாண்டினால், அதே சாலைக்கு அவெனிதா தெல் யாக்கி என்று பெயர் வந்துவிடும். அங்கே தொடங்குகிறது குவாதலூப்பே. மேற்கே ஐ-10 நெடுஞ்சாலை, மற்ற பக்கங்களில் டெம்பே நகரம், நடுவே சுமார் ஒரு சதுர மைலில் ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர்.

கோவைக்குத் திரும்பிய பிறகு, அமெரிக்காவில் எதை நினைத்து ஏங்குகிறாய் என்று கேட்பவர்களிடம் இந்த ஊரின் பெயரைத்தான் சொல்கிறேன். நான் அங்கே குடியிருந்ததில்லை. டெம்பேயில் வாடகை வீடு, சாண்ட்லரில் வேலை. என் தெருவில் எல்லா வீடும் ஒரே மணல் நிறம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. குவாதலூப்பேயில் சேவல் கூவும். கம்பிவேலிக்குள் குதிரை நிற்கும். முற்றத்து அடுப்பில் மெஸ்கீட் விறகு எரியும். மெஸ்கீட் வேறொன்றுமில்லை, நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. நம்மூரில் வெட்டி எறியச் சொல்லி வழக்கே நடந்தது. அங்கே அதன் காயை இடித்து மாவாக்கித் தின்று வளர்ந்த மக்கள் இருக்கிறார்கள். அந்தப் புகை வாசனைக்காகவே காரின் கண்ணாடியை இறக்கிவிடுவேன்.

இந்த ஊரை உருவாக்கிய யாக்கி பழங்குடியினர் ஆற்றங்கரைக் குடியானவர்கள். மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், யாக்கி ஆற்றை ஒட்டிய எட்டு ஊர்கள் அவர்களுடையவை. அந்த வண்டல் மண்ணின் மேல் அன்றைய அதிபர் போர்பிரியோ தியாஸ் ஆட்சிக்கு ஒரு கண். எதிர்த்து நின்றவர்களைக் கொன்றார்கள். பிடிபட்டவர்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, யுகத்தானின் கற்றாழை நார்த் தோட்டங்களுக்கு அடிமைகள் போல் அனுப்பினார்கள். தப்பியவர்கள் எல்லை தாண்டி அரிசோனாவுக்கு வந்தார்கள். யாக்கி என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் சடங்குகளைக்கூட முதலில் மறைத்தே வைத்திருந்தார்கள்.

1914-இல் குவாதலூப்பேயில் அவர்களுக்கு நாற்பது ஏக்கர் கிடைத்தது. பருத்திக் காட்டிலும் ஆரஞ்சுத் தோப்பிலும் கூலி வேலை, சால்ட் ரிவர் பாசனக் கால்வாய்களில் தூர்வாரும் வேலை. ஆற்றை இழந்தவர்கள் அடுத்தவர் வயலுக்குப் போகும் தண்ணீருக்கு வழி செய்து கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறுவதில்லை. மெக்சிகக் குடும்பங்களும் பக்கத்திலேயே வந்து குடியேறின; கொள்வினை கொடுப்பினை நடந்தது. சுற்றிலும் வளர்ந்த நகரம் விழுங்கிவிடக் கூடாது என்று 1975-இல் தனி ஊராகப் பதிவு செய்துகொண்டார்கள். மூன்று வருஷம் கழித்து, 1978-இல், அரிசோனா யாக்கிகளை, பாஸ்குவா யாக்கி பழங்குடி என்ற பெயரில், அமெரிக்க அரசு அங்கீகரித்தது.

ஊரின் உயிர் தவக்காலத்தில் தெரியும். நடுவே பெரிய புழுதித் திடல். அதன் ஓரத்தில் அக்கம்பக்கமாக இரண்டு வெள்ளைக் கட்டடங்கள்: குவாதலூப்பே மாதா கோயில், யாக்கி கோயில். 1617-இல் ஆற்றங்கரைக்கு வந்த இயேசு சபைக் குருமார்கள் சொன்ன இயேசுவின் பாடுகளின் கதையைத் தங்கள் கதையாகவே ஆக்கிக்கொண்டவர்கள் யாக்கிகள். இயேசுவைத் தேடிப் பிடிக்க சாபாயேக்காக்கள் என்னும் முகமூடிப் படையினர் வருவார்கள். தலை முழுக்க முகமூடி, இடுப்பில் குளம்புச் சலங்கை, கையில் மரவாள். முகமூடிக்குள் ஜெபமாலைச் சிலுவையை வாயில் கவ்வியிருப்பார்கள்; ஒரு வார்த்தை பேசக் கூடாது, எல்லாம் சைகைதான். பலருக்கு அது நேர்த்திக்கடன். சாகக் கிடந்த பிள்ளைக்காக வேண்டிக்கொண்டவர்கள் உண்டு, தாமே நோயிலிருந்து எழுந்தவர்களும் உண்டு. பகலில் பிழைப்பு, இரவில் முகமூடி.

கொட்டகையின் கீழ் மான் நடனம். தண்ணீர்ப் பாத்திரத்தில் சுரைக்குடுக்கை கவிழ்ந்து மிதக்கும்; அதைக் குச்சியால் அடித்தால் எழும் சத்தம் மானின் நெஞ்சுத் துடிப்பு என்பார்கள். ஆடுபவரின் தலைமேல் மான்தலை, கொம்பில் பூக்கள். முழங்காலுக்குக் கீழே அந்துப்பூச்சிக் கூடுகளைக் கோத்துச் சுற்றிய சரம், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பொடிக்கற்கள். ஒரு முறை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தேன். அவர் கால் நின்ற பிறகும் அந்தச் சரசரப்பு ஒரு கணம் தொடர்ந்தது. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பக்கத்தில் நின்ற பெரியவர், "போனை எடுக்காதே, மிஹோ (மகனே). சும்மா பார்" என்றார். அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால்தானோ என்னவோ, அந்த இரவுகள் எனக்கு இத்தனை துல்லியமாக நினைவிருக்கின்றன.

புனித சனியன்று சாபாயேக்கா படை கோயிலை நோக்கி மூன்று முறை பாயும். வாசலில் மானும், பெண்களும், வெள்ளுடைக் குழந்தைகளும் நிற்பார்கள். பூவும் பச்சிலையும் காகிதத் துணுக்கும் படையின் மேல் வந்து விழும். இயேசுவின் ரத்தம் மண்ணில் பட்டுப் பூவாயிற்று என்பது யாக்கிகளின் நம்பிக்கை. தீமையை வெல்ல அவர்களிடம் அதைவிடப் பெரிய ஆயுதம் இல்லை. மூன்றாம் முறையோடு படை உடையும். முகமூடிகளையும் மரவாள்களையும் யூதாஸ் உருவத்தோடு சேர்த்துக் கொளுத்துவார்கள். பார்த்துப் பார்த்துச் செய்த முகமூடிகள் கண்ணெதிரே சாம்பலாகும். ஞானப்பெற்றோர் படையில் இருந்த அவரவர் ஞானப்பிள்ளைக்குத் துணி போர்த்தி, தோளைப் பிடித்துக் கோயிலுக்குள் ஓட்டிப் போவார்கள். நரைத்த ஆண்கள் தேம்பி அழுவதை அங்கேதான் பார்த்தேன்.

நானும் ஊரை விட்டுப் போனவன்தான். என் ஏக்கமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்போடு முடிந்துவிடும். யாக்கிகள் தாங்கள் விட்டு வந்த ஊர்களுக்காக நூறு வருஷத்துக்கும் மேலாக இரவெல்லாம் கண்விழிக்கிறார்கள், உடம்பை வருத்துகிறார்கள், பேரப்பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். அந்தச் சடங்குகளின் ஓரத்தில் நிற்க எனக்கும் இடம் கொடுத்தார்கள். இப்போது நான் தேடுவது அந்த இடத்தைத்தான்.

அவர்கள் விட்டு வந்த சொனோராவில், மெக்சிகோ அதிபர் லாசரோ கார்தெனாஸின் அரசு 1937-இல் யாக்கிகளுக்கு நிலத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் 1950களில் கட்டி முடித்த பெரிய அணைக்குப் பிறகு, எட்டு ஊர்களின் வழியே ஓடிய ஆறு பெரும்பாலும் வறண்டு கிடக்கிறது. குவாதலூப்பேக்காரர்கள் திரும்பிப் போனாலும் பாட்டன் சொன்ன ஆற்றைப் பார்க்க முடியாது.

டெம்பேயிலும் சாண்ட்லரிலும் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலுக்குப் போகிற அதே சாலைதான். வருகிற தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு குடும்பத்தோடு போய் அந்தத் திடலின் ஓரமாக நில்லுங்கள். போனை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.