கொஞ்சம் தள்ளி உட்காருங்க

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'டியர் வெப்மாஸ்டர், உங்கள் அருமையான கட்டுரையை ரசித்துப் படித்தோம். எங்கள் மாடுலர் கிச்சன் பக்கத்துக்கு அதில் ஒரு லிங்க் கொடுத்தால் உங்கள் வாசகர்கள் மிகவும் பயனடைவார்கள்.' அவர்கள் ரசித்துப் படித்த கட்டுரை, செம்பாக்கம் ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவதைப் பற்றியது.

தாம்பரம் சுற்றுவட்டார ஏரிகள் பற்றி ஒரு சின்ன வெப்சைட் வைத்திருக்கிறேன். சேலையூர், சிட்லபாக்கம், பீர்க்கன்காரணை என்று ஏரிக்கு ஒரு பக்கம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய பிறகு கொஞ்ச நாள் நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். மற்ற நாட்களில் நானும், லிங்க் கேட்பவர்களும்தான்.

அந்த வாரமே மூன்றாவது மாடிப் பெண் கதவைத் தட்டினாள். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது.

"அங்கிள், நீங்க வெப்சைட் வெச்சிருக்கீங்களாமே? ஒரு டவுட்டு."

"கேளும்மா."

"ஒரு நாளைக்கு நூத்தம்பது மெயில் அனுப்பறேன். லிங்க் கேட்டு. ரெண்டு மாசமா ஒண்ணுகூட வரலை. அடுத்த மாசம் புரொபேஷன் முடியுது."

கடிதத்தைக் காட்டினாள். 'டியர் வெப்மாஸ்டர்' என்று ஆரம்பித்தது. மாடுலர் கிச்சன் இல்லை, மெத்தை. மற்றபடி அதே கடிதம்தான். சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

இந்த லிங்க் பிச்சை எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜ், செர்கே பிரின் என்று இரண்டு மாணவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்கள் எவ்வளவு முக்கியமானவை என்று கணக்கிட்டால் அதன் தரம் தெரிந்துவிடும் என்பது யோசனை. நாலு பெரிய மனுஷர்கள் கைகாட்டினால் அந்தக் கடை நல்ல கடை. அதுதான் கூகுள் ஆயிற்று. லிங்க்குக்கு மதிப்பு வந்தது. மதிப்பு வந்த எதற்கும் நம் உலகத்தில் நடப்பது அதற்கும் நடந்தது. விற்றார்கள், வாங்கினார்கள், 'நீ எனக்குப் போடு, நான் உனக்கு' என்று பண்டமாற்று செய்தார்கள்.

கூகுளும் சும்மா இருக்கவில்லை. 'இந்த லிங்க்குக்கு நான் ஜாமீன் இல்லை' என்று சொல்கிற 'நோஃபாலோ' குறியை 2005 ஜனவரியில் கொண்டுவந்தது. 2011-ல் ஜே.ஸி.பென்னி என்ற அமெரிக்கக் கடைக்கு ஏராளமான சம்பந்தமில்லாத தளங்களிலிருந்து லிங்க் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்த, கூகுள் அதைத் தேடலில் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் 'பென்குவின்' என்று சாதுவான பெயர் வைத்து ஒரு மாற்றம் செய்தார்கள். செயற்கையாக லிங்க் சேர்த்தவர்கள் பலர் ஒரே ராத்திரியில் காணாமல் போனார்கள். ஆக, காசு கொடுத்து வாங்கிய லிங்க் உதவாது, உபத்திரவமும் தரும். மிச்சமிருப்பது ஒரே வழி. நல்ல பக்கம் எழுதிவிட்டு, அது யாருக்குப் பயன்படுமோ அவரிடம் மரியாதையாகக் கேட்பது.

மரியாதையைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. அதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

2004-ல் என் ஏரிப் பக்கங்களுக்கு லிங்க் கேட்டு நாற்பது தமிழ்த் தளங்களுக்குக் கடிதம் போட்டேன். ஒரே கடிதம். யூனிகோடு இன்னும் எல்லா வீட்டுக்கும் வந்து சேராத காலம். நான் தட்டச்சியது டிஸ்கியில். எழுத்துரு இல்லாதவர்களுக்கு அது கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்திருக்கும். அவர்கள் பாக்கியசாலிகள். படிக்க முடிந்தவர்களில் ஒருவர், வெளிநாட்டில் இருந்துகொண்டு பறவைகளின் தமிழ்ப் பெயர்களைத் திரட்டி வைத்திருந்த பெரியவர். அவருக்கும், 'தங்கள் தளத்தைத் தினமும் பார்க்கிறேன். தொடர்ந்து எழுதுங்கள்' என்று முடித்திருந்தேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது, அவருடைய மகனிடமிருந்து, ஆங்கிலத்தில். 'அப்பா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. முதல் பக்கத்தில் முதல் வரியே அதுதான். தினமும் பார்ப்பவருக்கு அது எப்படித் தப்பியது என்று தெரியவில்லை.'

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதிய கடிதம் அது. முதலில் எழுதியதற்கு அரை நிமிடம்கூடச் செலவழித்திருக்கவில்லை. அவர் லிங்க் தரவில்லை. தந்திருந்தால் இன்னும் வெட்கமாக இருந்திருக்கும். அவர் தளத்துக்கு என் பக்கத்தில் ஒரு லிங்க் போட்டேன், கேட்காமலே.

"சரி அங்கிள், அப்ப எப்படித்தான் கேக்கறது?"

"தினம் எலெக்ட்ரிக் ட்ரெய்ன்ல போறியே, அதுல நாலாவது சீட்டு எப்படிக் கேப்பே?"

தாம்பரத்தில் காலி வண்டியில் ஏறுபவர்களுக்கு இது புரியாது. குரோம்பேட்டையில் ஏறுபவர்களுக்குப் புரியும். மூன்று பேர் பெஞ்சில் நாலாவதாக உட்காரவேண்டும். 'அன்புள்ள பயணியே' என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. முதலில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறோம். குழந்தையை மடியில் தூங்கவைத்திருப்பவளைக் கேட்பதில்லை. 'நான் உட்கார்ந்தால் உங்களுக்குத்தான் நல்லது' என்று பொய் சொல்வதில்லை. 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க' என்கிறோம். தள்ளினால் நன்றி, இல்லாவிட்டால் அடுத்த பெஞ்சு. மீனம்பாக்கத்தில் ஒரு தரம், கிண்டியில் ஒரு தரம் நினைவூட்டுவதில்லை.

மெயிலும் அப்படித்தான். பெயர் தெரிந்தால் பெயர் போட்டு எழுது. எந்தப் பக்கம், அதில் எந்த இடம், உன் பக்கம் அங்கே எதற்கு என்பதை நாலு வரியில் சொல். முகவரியைக் கொடு. கனமான ஃபைல் இணைக்காதே. ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த மாதிரி தலைப்பில் 'ரீ' போட்டு ஏமாற்றாதே. பதிலுக்கு லிங்க், பணம், கூப்பன் என்று பேரம் வேண்டாம். படிக்காததைப் படித்தேன் என்று மட்டும் எழுதவே எழுதாதே. ஒருவேளை அவர் பக்கத்தில் ஏதாவது லிங்க் செத்துப்போயிருந்தால் அதைச் சொல். லிங்க் தராவிட்டாலும் அது அவருக்கு உபகாரம்.

"இப்படி எழுதினா ஒரு நாளைக்கு ஆறுதான் முடியும் அங்கிள்."

"ஆறு எழுது."

எழுதினாள். அவளுடைய மேனேஜர் ஆறா, நூற்றைம்பதா என்று சத்தம் போட்டாராம். ஒன்பதாம் நாள் இரண்டு பதில் வந்தது. ஒருவர், செத்த லிங்க்கைக் காட்டியதற்கு நன்றி, மெத்தைக்கு மட்டும் மன்னிக்கவும் என்றார். முதுகுவலி பற்றி எழுதுகிற இன்னொருவர் லிங்க் கொடுத்தார். புரொபேஷனை மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள். வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை.

நேற்று லிஃப்டில் பார்த்தேன்.

"அங்கிள், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே? உங்க பறவைப் பக்கத்துல மூணு லிங்க் செத்துப்போச்சு."

போய்ப் பார்த்தேன். மூன்றில் ஒன்று அந்தப் பெரியவருடைய தளம். எப்போது போயிற்றோ, நான் கவனிக்கவே இல்லை. மகனுக்கு எழுதிப் பார்த்தேன். முகவரியே இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது.

மற்ற இரண்டையும் எடுத்துவிட்டேன். இதில் லிங்க்கை மட்டும் எடுத்துவிட்டு, பெயரை விட்டுவைத்திருக்கிறேன்.