ஒரு பந்தும் பத்து வீரரும்

பங்கீட்டைப் பற்றிப் பேசாத மனிதர் இல்லை. பங்கிடும் இடத்தில் நின்று பார்த்தவர் சிலரே. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றில் எழுதுவினைஞனாக நான் கழித்த ஆண்டுகள் எனக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன. பொருள் நிறைந்திருக்கும் நாளில் எவரும் நல்லவரே. ஒரு மூடை மாவும் அறுபது குடும்ப அட்டைகளுமாக நிற்கும் நாளிலேதான் மனிதனுடைய குணமும், அவன் அமைத்துக்கொண்ட முறையின் தரமும் வெளிப்படும். அந்தத் தொழில் தந்த பழக்கம் போலும், எதைப் பார்த்தாலும் ‘இங்கே பங்கீடு எவ்வாறு நடக்கிறது?’ என்ற கேள்வியே என் மனத்தில் முதலில் எழுகிறது.

கூடைப்பந்தாட்டத்தில் எனக்கு ஏற்பட்ட ஈடுபாடும் இவ்வழியாக வந்ததே. நான் ஆடியவன் அல்லன். அமெரிக்கக் கல்லூரிகளின் ஆட்டங்களை, நம் நாட்டு நேரப்படி விடியற்பொழுதில், திரையிலே பார்த்துப் பழகியவன். கூடைக்குள் விழும் பந்தைக் காட்டிலும், அது விழுவதற்கு முன் எத்தனை கைகள் மாறிற்று என்பதே என் கண்ணைக் கவர்கிறது.

இந்த ஆட்டத்தின் பிறப்பே கொடுப்பதில் தொடங்கியது. 1891ஆம் ஆண்டின் இறுதியில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், மாரிகாலத்தில் மண்டபத்துக்குள் அடைபட்டுக் கிடந்த மாணவருக்காக இதனை வகுத்தார். பத்தடி உயரத்தில் இரண்டு பீச்சுப்பழக் கூடைகள், பதின்மூன்று விதிகள்; அவ்வளவே மூலதனம். அவ்விதிகளுள் ஒன்று, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எவனும் ஓடலாகாது என்பது. பிடித்த இடத்திலேயே நின்று இன்னொருவனுக்கு எறிய வேண்டும். பந்தைத் தரையில் தட்டியபடி தனியே முன்னேறும் வித்தை பின்னால் வந்தது. ஆதியில், கையிலிருப்பதைக் கொடுத்தாலன்றி ஓரடியும் முன்செல்ல வழியில்லை.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். கல்லூரி ஆட்டம் நாற்பது நிமிடம். களத்தில் ஒரு கட்சிக்கு ஐவர். எனவே ஒரு பயிற்றுநர் பங்கிடக்கூடிய மொத்த நேரம் இருநூறு ஆள்-நிமிடங்களே. கூடையை நோக்கி எறியும் வாய்ப்போ, ஆட்டமொன்றுக்கு ஐம்பத்தைந்து, அறுபது என்ற அளவிலேதான் கிடைக்கும். திறமையாளர் ஐவரும் துணைக்கு இருவரும் இருந்தால் பங்கீட்டில் சிக்கலில்லை. திறமையாளர் பத்துப்பேராக இருந்துவிட்டால்? ஆளுக்கு இருபது நிமிடம், ஐந்தோ ஆறோ எறிகள். பள்ளிக்கூடத்தில் முப்பது புள்ளி எடுத்துப் பழகிய இளைஞனுக்கு இது அரைப்பட்டினி. வறுமையில் மட்டுந்தான் பங்கீடு கடினம் என்று நினைக்கிறோம். திறமை மிகுந்த இடத்திலும் அது கடினமே.

2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்கு இந்த நிலையே நேர்ந்தது. உயர்நிலைப் பள்ளி நாளிலேயே நாடறிந்த தேர்வு வீரர் ஒன்பதுபேர் அந்த அணியில் இருந்தனர். பயிற்றுநர் ஜோன் கலிப்பாரி எவரையும் ஒதுக்காமல், ஐவர் ஐவராக இரு பிரிவுகளை அமைத்தார். சில நிமிடங்களுக்கொரு முறை ஒரு பிரிவு முழுவதும் வெளியேற, மறு பிரிவு முழுவதும் உள்ளே வரும். இராணுவத்தில் காவல் மாறுவது போன்ற காட்சி. அவ்வாண்டு நவம்பரில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தை அவர்கள் 72-40 என்று வென்றபோது, எதிரணியின் ஐவர் களைத்த மூச்சோடு நிற்கையில், களைப்பறியாத புதிய ஐவர் வந்திறங்குவதைப் பார்த்தேன். டிசம்பரில் அலெக்ஸ் பொய்த்ரஸ் என்ற வீரர் முழங்காற் காயத்தால் விலக நேர்ந்தபோது இருபிரிவு முறை தளர்ந்தது. பகிர்ந்தாடும் பழக்கம் தளரவில்லை.

அந்த ஆண்டின் கணக்கேடு படிக்கத்தக்கது. அணியில் அதிகப் புள்ளி எடுத்தவரான ஏரன் ஹரிசனின் சராசரி ஆட்டமொன்றுக்கு 11 மாத்திரமே. கார்ல்-அன்ரனி டவுன்ஸ் என்ற நெடியவர் சராசரியாக இருபத்தொரு நிமிடமே களத்தில் நின்றார். டெவின் புக்கர் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடக்க ஐவருள் ஒருவராகத் தொடங்கவில்லை. எனினும் அந்த அணி ஒன்றன்பின் ஒன்றாக முப்பத்தெட்டு ஆட்டங்களில் வென்றது. ‘ஒவ்வொருவனும் தன் நலம் தேடினால் சமூகம் தானே செழிக்கும்’ என்று போதிக்கின்ற நாட்டிலே, அந்நாட்டு இளைஞர் பதின்மர் வேறொரு நியதியின்படி வாழ்ந்து காட்டினர். இதைக் கண்டு மகிழாதிருக்க என்னால் இயலவில்லை.

ஆயினும் மகிழ்ச்சி வேறு, ஆராய்ச்சி வேறு. பகிர்வு என்பது எண்ணிக் கொடுக்கும் சமத்துவந்தானா?

2015 மார்ச் இறுதியில் நோத்ர டேம் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தைப் பாருங்கள். கூடையருகே டவுன்ஸைத் தடுக்க எதிரணியிடம் ஆளில்லை. தோழர் இதனை உணர்ந்தனர். பந்து மீண்டும் மீண்டும் அவரிடமே சென்றது. அவர் 25 புள்ளி எடுக்க, கென்டக்கி 68-66 என்று தப்பியது. அன்று மற்றவர் தம் பங்கை விட்டுக்கொடுத்தனர். அதையும் நான் பகிர்வென்றே சொல்வேன். பங்கீட்டு நீதி என்பது எல்லாருக்கும் ஒரே அளவு என்பதன்று; எந்த வேளையில் எவனிடம் இருந்தால் எல்லாருக்கும் நன்மையோ, அந்த வேளையில் அவனிடம் சேர்ப்பது. கடையிலே பால்மா வந்த நாளில் கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு முதலிற் கொடுத்தோம். மற்றவர் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டனர்.

அதற்கு ஒரு வாரத்தின் பின், நம் நாட்டில் ஞாயிறு விடிந்துகொண்டிருந்த நேரத்தில், இந்தியானாபொலிஸ் நகரில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தோடு அரையிறுதி ஆட்டம். கென்டக்கி 60-56 என்று முன்னணியில் நின்றது. அக்காலத்தில் பந்து கைக்கு வந்து முப்பத்தைந்து விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பது விதி. முடிவு நெருங்கிய அந்த நிமிடங்களில் கென்டக்கி அணி அடுத்தடுத்து மூன்று முறை அந்த முப்பத்தைந்து விநாடியையும் வீணாக்கிப் பந்தை இழந்தது. பந்து கைமாறிற்று, கூடையை நோக்கிப் போகவில்லை. இறுதியில் 71-64 என்று தோற்றது.

பத்துப்பேருக்கும் பங்குண்டு என்று பழகிய அணியில், நெருக்கடி வேளையில் ‘இது என் பொறுப்பு’ என்று ஏற்பவன் இல்லாமற் போனான் என்பது என் எண்ணம். விஸ்கொன்சின் அணியில் நான்காம் ஆண்டு மாணவரான ஃபிராங்க் கமின்ஸ்கி இருந்தார். ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து ஆடிய தோழர் இருந்தனர். யாரிடம் எப்போது கொடுப்பதென்று அவர்களுக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கென்டக்கியின் பெரும்பாலோர் ஓராண்டு, ஈராண்டுக்கு வந்து போகிறவர்கள். அவர்களுடைய பகிர்வு பயிற்றுநர் வகுத்த திட்டம். மற்றவர்களுடையது சேர்ந்து வாழ்ந்ததால் விளைந்த உறவு. மேலிருந்து வரும் ஆணையால் பொருளைப் பங்கிடலாம். பொறுப்பைப் பங்கிட முடியாது.

இவ்விடத்தில் இன்னொரு பயிற்றுநரை நினைவு கூர்தல் தகும். வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் 1961 முதல் 1997 வரை பயிற்றுநராக இருந்து 879 வெற்றிகளைக் கண்ட டீன் ஸ்மித், தம் மாணவரிடையே ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். புள்ளி எடுத்தவன், தனக்குப் பந்தைக் கொடுத்தவனை நோக்கி விரலைச் சுட்ட வேண்டும். கைதட்டல் எறிந்தவனுக்கே போய்ச் சேரும் மண்டபத்தில், அந்த ஒற்றை விரல் மக்களின் பார்வையை உழைத்தவன்பால் திருப்பியது. களைத்துப்போன வீரன் தானே கைமுட்டியை உயர்த்தி ஓய்வு கேட்கலாம். அவ்வாறு கேட்டவன், தான் விரும்பும்போது களத்துக்கு மீளவும் உரிமையுண்டு. ஓய்வு கேட்டால் இடம் பறிபோகும் என்ற அச்சத்தை நீக்கிய பிறகே பகிர்வை எதிர்பார்த்தார் அவர். தொழிலாளரின் சுகவீன விடுமுறைக்கும் இந்தக் கைமுட்டிக்கும் தத்துவம் ஒன்றுதான்.

அவரிடம் பயின்றவர் மைக்கல் ஜோர்டன். பிற்காலத்தில் தொழில்முறை ஆட்டத்தில் சராசரி முப்பது புள்ளி எடுத்த அந்த மாவீரர், கல்லூரியின் மூன்றாண்டுகளில் எடுத்த சராசரி 17.7. 1982ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் எதிரணியின் கவனம் முழுவதும் மூத்த வீரர்பால் இருந்தது. பந்து ஜிம்மி பிளாக் என்பவரின் கையிலிருந்து முதலாண்டு மாணவரான ஜோர்டனிடம் வந்தது. 63-62 என்று வட கரோலைனா வென்றது. எறிந்தவர் பெயரை உலகம் அறியும். கொடுத்தவர் பெயரை எத்தனைபேர் அறிவர்?

இனி, பந்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கும் முந்திய கேள்வியொன்று உண்டு. களத்துக்குள் வர யாருக்கு அனுமதி? 1966ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் இதே கென்டக்கியின் அணியில் கறுப்பு மாணவன் ஒருவனும் இல்லை. எதிரே டெக்சாஸ் வெஸ்டேர்ன் கல்லூரியின் தொடக்க ஐவரும் கறுப்பர். பின்னவர் 72-65 என்று வென்றனர். வாசலை அடைத்துவிட்டு உள்ளேயிருப்போர் தமக்குள் அன்போடு பகிர்ந்துகொள்வது ஒற்றுமையாகாது. அது சாதிக் கட்டுப்பாட்டின் இன்னொரு முகமே. நம் கிராமத்து நன்னீர்க் கிணறுகளின் கதையை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே வந்த பிறகும் கதை முடிவதில்லை. 2015இல் கென்டக்கி இளைஞர்கள் எதைப் பகிர்ந்தார்கள்? நிமிடங்களை, எறிகளை, புகழை. அவர்களுடைய ஆட்டத்தால் விளைந்த செல்வம் எங்கே போயிற்று? கல்லூரிக் கூடைப்பந்தின் ஆண்டிறுதிப் போட்டியை ஒளிபரப்பும் உரிமைக்காக, 2010இல் பதினான்கு ஆண்டுகளுக்கு 1,080 கோடி டொலர் பேசப்பட்டது. பயிற்றுநரின் ஆண்டூதியம் பல இலட்சம் டொலர். ஆடியவனுக்கோ படிப்புச் செலவும் உணவும் இருப்பிடமும் மாத்திரமே. பள்ளி முடித்து ஓராண்டு கழியாமல், தெரிவு நடக்கும் ஆண்டுக்குள் பத்தொன்பது வயதை எட்டாமல், தொழில்முறை அணிகளும் அவனை எடுக்கா. அவனிடம் போய், ‘மகனே, உன் பங்கை விட்டுக்கொடு; அணியே பெரிது’ என்று சொல்வது எளிது. தோட்டத் துரைமாரும் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

விட்டுக்கொடுத்ததன் விலையும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. 2015 யூன் மாதத்தில் தொழில்முறை அணிகள் வீரரைத் தெரிந்தபோது, டவுன்ஸ் நாட்டிலேயே முதலாமவராக எடுக்கப்பட்டார். அமர்ந்திருந்து ஆடிய புக்கர் பதின்மூன்றாமவர். 2017இல் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளி எடுத்தார். அந்த அணியிலிருந்து ஆறுபேர் எடுக்கப்பட்டனர். ஆண்டு முழுவதும் அதிகப் புள்ளி எடுத்த ஏரன் ஹரிசனை எவரும் தெரியவில்லை. இன்னும் பத்து எறிகள் கிடைத்திருந்தால் அவர் விதி மாறியிருக்குமா என்று எவர் சொல்ல முடியும்? ஆனால் ஒன்று சொல்லலாம். தோற்றவனைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாத உலகில் பகிரச் சொல்வது, வலையில்லாமற் கயிற்றில் நடக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

பின்னர் காலம் சிறிது அசைந்தது. 2021 யூலை முதல் மாணவ வீரர் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணமீட்ட அனுமதி கிடைத்தது. 2025 யூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாடொன்றின்படி, கல்லூரிகளே வீரருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாயிற்று. ஒரு கல்லூரிக்கு முதலாண்டின் உச்சவரம்பு ஏறத்தாழ இரண்டு கோடியே ஐந்து இலட்சம் டொலர். வேறு கல்லூரிக்கு மாறுவதும் எளிதாயிற்று. உரிமை என்ற வகையில் இதை நான் வரவேற்கிறேன். ‘பணம் வந்ததால் பண்பு கெட்டது’ என்று புலம்புகிறவர்கள், பணம் முழுவதும் மேலே குவிந்திருந்தபோது எந்தப் பண்பைக் காத்தார்கள் என்று அறிய ஆவலாயிருக்கிறேன்.

ஆனால் வந்திருப்பது தனித்தனி விலை. எவனுக்கு எவ்வளவு என்பதைக் கல்லூரி தீர்மானிக்கிறது. பத்தாவது வீரன் குறைந்த நிமிடங்களோடு காத்திருப்பதைவிடப் பெட்டியைக் கட்டுவதே இலாபம் என்று காண்கிறான். அவனைக் குறை சொல்லேன். வீரர் ஒன்றுகூடி, தம் அமைப்பின் வழியே பேசி, தம் பங்கைத் தாமே வகுத்துக்கொள்ளும் நாள் இன்னும் வரவேண்டியிருக்கிறது. கூட்டாகப் பெற்ற உரிமையே கூட்டாக ஆடும் மனத்தைக் காக்கும்.

டீன் ஸ்மித், கென்டக்கி தோல்வியறியாது வென்றுகொண்டிருந்த அதே 2015இன் பெப்ரவரி 7ஆம் நாள் காலமானார். அடுத்த மாதம் அவருடைய பழைய மாணவர் ஏறத்தாழ நூற்றெண்பது பேருக்கு ஒவ்வொரு கடிதம் வந்தது. உள்ளே இருநூறு டொலருக்கு ஒரு காசோலை. வெளியே ஒரு வேளை உணவருந்தும்படி அவர் தம் மரண சாசனத்தில் எழுதிவைத்தது. உலகப்புகழ் பெற்ற கோடீசுவரருக்கும் இருநூறு. ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் மாத்திரம் களமிறங்கியவருக்கும் இருநூறு.

பந்தைத் திறனும் வேளையும் அறிந்து கொடுக்கலாம். அதில் ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்யும். உணவும் மதிப்பும் பாதுகாப்பும் அவ்வாறல்ல. அவை அணியில் நின்ற ஒவ்வொருவனுக்கும் சமமாக உரியவை. இந்த வேறுபாட்டைத் தெளிந்த சமூகத்தில், பந்தை விட்டுக்கொடுக்க எவனும் அஞ்சமாட்டான்.