கரும்பலகையும் வாக்குப்பெட்டியும்

தொலைக்காட்சியிற் செய்தி விளக்கிய ஒருவர் தேர்தலில் நிற்கும்போது, "முகம் தெரிந்தவர், வெல்லுவார்" என்று சொல்லிவிட்டு நாம் அப்பாற் சென்றுவிடுகிறோம். பத்திரிகைத் தொழிலில் இறங்க எண்ணியிருக்கும் கலைப்பீட மாணவன் என்ற வகையில் இவ்விளக்கம் எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. முகம் தெரிந்திருப்பதே காரணமாயின் நடிகருக்கும் செய்தியாளருக்கும் வேறுபாடு இல்லை. செய்தியாளரிடம் மக்கள் ஒப்படைத்திருப்பது வேறொன்று. தாம் காணமுடியாத உலகை அவர் கண்கொண்டு காண்கிறார்கள். அந்த நம்பிக்கையை அவர் வாக்காக மாற்றிக்கொள்வது முறையா? இவ்வினாவுடன் இருந்தபோதுதான் கனடாவின் கியூபெக் மாகாணத்து முதலமைச்சராயிருந்த றெனே லெவெக்கின் நினைவுக்குறிப்புகள் ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்கக் கிடைத்தன. அதன்பின் அவரைப்பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடி வாசித்தேன்.

1922இல் பிறந்த லெவெக், சட்டப் படிப்பை இடைநடுவே விட்டு, 1944இல் அமெரிக்க அரசின் போர்த் தகவற் சேவையில் நிருபராகச் சேர்ந்தார். போரின் இறுதி நாட்களில் டாக்கவ் வதைமுகாமுக்குள் நுழைந்த செய்தியாளருள் அவரும் ஒருவர். பின்னர் கொரியப் போர்க்களத்திலிருந்து செய்தி அனுப்பினார். 1955இல் லெஸ்ரர் பியர்சனுடன் சோவியத் நாட்டுக்குச் சென்று குருஷேவையும் பேட்டி கண்டார். ஆயினும் அவரை வீடுதோறும் அறிமுகப்படுத்தியது இவை எதுவுமன்று. 1956 முதல் 1959 வரை கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அவர் நடத்திய 'புவான் த மீர்' என்ற நிகழ்ச்சியே அது.

அந்நிகழ்ச்சியில் ஆடம்பரம் எதுவுமில்லை. ஒரு கரும்பலகை, வெண்கட்டி, உலகப்படம், சுட்டுகோல். குள்ளமான மனிதர்; கரகரத்த குரல்; விரலிடையே எப்போதும் புகையும் சிகரெட். சுயஸ் கால்வாய் நெருக்கடியையும் அல்ஜீரியப் போரையும், பள்ளிக்கூடத்தை அதிகம் காணாத தொழிலாளிக்கும் விளங்கும்படி அவர் சொன்னார். தம் அறிவைக் காட்டுவதற்காக அன்றி, கேட்பவரின் அறிவை மதித்துப் பேசினார். இது அரிய பண்பு. விரிவுரை மண்டபங்களிற்கூட எப்போதும் கிடைப்பதில்லை.

அவரை அரசியலுக்கு இழுத்தது ஒரு வேலைநிறுத்தம். 1958 டிசம்பர் இறுதியில் மொன்றியலிலிருந்த பிரெஞ்சு நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை கோரினர். அவர்கள் நிர்வாகத்தைச் சார்ந்தவர்கள், ஆதலால் அவர்களுக்குச் சங்கம் இல்லை என்றது கூட்டுத்தாபனம். இரண்டு மாதங்களுக்கு மேலாகப் பிரெஞ்சுத் திரை பழைய படங்களால் நிரப்பப்பட்டது. ஆங்கில அலைவரிசையோ வழமைபோல் இயங்கியது. ஒட்டாவா அரசும் இது கூட்டுத்தாபனத்தின் உள்விவகாரம் என்று ஒதுங்கிக்கொண்டது. லெவெக் தயாரிப்பாளரல்லர், எனினும் வேலைநிறுத்தக்காரருடன் நின்றார், ஆர்ப்பாட்டத்திற் கைதும் செய்யப்பட்டார். ஒரு மொழி பேசுவோரின் திரை முழுவதும் இருண்டுகிடக்க, நாட்டின் மறுபகுதியோ அதனை உணராமலேயே இருக்க முடிகிறது என்ற உண்மையை அவர் இங்கேதான் கண்டார் என்பது எனது எண்ணம். அல்ஜீரியாவை விளக்கியவருக்குத் தம் வீட்டை விளக்கவேண்டிய நிலை வந்தது.

1960இல் லிபரல் கட்சியின் சார்பில் மொன்றியல் - லோரியே தொகுதியில் நின்று 129 வாக்குகளால் மட்டுமே வென்றார். "முகம் தெரிந்தவர்" என்ற வாதத்துக்கு இவ்வெண்ணிக்கை போதிய மறுமொழி. அமைச்சரானதும் தனியார் மின்சாரக் கம்பனிகளை அரசுடைமையாக்க வேண்டுமென்றார். 1962 தேர்தல் இவ்வொரு பொருளின் மீதே நடந்தது. லெவெக் மீண்டும் கரும்பலகையை எடுத்தார். எந்தக் கம்பனி எந்தப் பிரதேசத்தை வைத்திருக்கிறது, ஒரே மாகாணத்தில் ஓரிடத்து மின்கட்டணம் இன்னோரிடத்தைவிட ஏன் இவ்வளவு கூடுதலாயிருக்கிறது என்று ஊரூராகச் சென்று படம்போட்டுக் காட்டினார். கட்சி வென்றது, 1963இல் ஏறத்தாழ 60 கோடி டொலருக்குக் கம்பனிகள் வாங்கப்பட்டன. செய்தியாளனின் தொழிற்கருவி அரசியலிற் கலப்படமின்றிப் பயன்பட்ட சந்தர்ப்பம் இதுவென்றே சொல்வேன். விளக்கினார், மக்கள் விளங்கிக்கொண்டு வாக்களித்தனர்.

இவ்வளவையும் வீட்டிற் சொன்னபோது அம்மா கேட்டா: "செய்தி சொன்ன ஆளே வோட்டுக் கேட்க வந்தால், பிறகு ஆரை நம்பித் தம்பி செய்தி கேட்கிறது?" இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் குரல்களை உறவினரின் குரல்போல் இனங்காணும் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அரசறிவியல் நூல்களில் இதற்கு மறுமொழி தேடினேன், அகப்படவில்லை. 1980இன் கியூபெக் நிகழ்ச்சிகளிலே ஓரளவு கிடைத்தது.

இடையில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1967இல் லிபரல் கட்சியை விட்டு வெளியேறிய லெவெக், மறு ஆண்டு கியூபெக்கின் இறைமையை இலக்காகக் கொண்ட 'பார்ட்டி கியூபெக்குவா'வின் தலைவரானார். 1970இலும் 1973இலும் தம் தொகுதியையே இழந்து, மீண்டும் பத்திரிகைப் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். 1976 நவம்பரில் 110 ஆசனங்களில் 71ஐ வென்று ஆட்சியமைத்தார். மறு ஆண்டு வந்த பிரெஞ்சு மொழிச் சட்டமே வெளியுலகில் அதிகம் பேசப்பட்டது. மொழியுரிமைச் சட்டங்களின் இரு முகங்களையும் அறிந்த நம் நாட்டு வாசகருக்கு ஒன்றைச் சொல்லவேண்டும்: தம் மொழியைச் சட்டம்போட்டுக் காக்கவேண்டியிருப்பதையே லெவெக் ஒருவகை அவமானமாகக் கருதினார். அவர் பெரிதும் பெருமைப்பட்டது அதே ஆண்டின் வேறொரு சட்டத்தைக் குறித்தே. கட்சிகளுக்குக் கம்பனிகளும் சங்கங்களும் பணம் கொடுப்பதைத் தடுத்து, வாக்காளர் மாத்திரமே கொடுக்கலாம் என அது விதித்தது. யாருடைய பணம் எங்கே போகிறது என்று கேட்டுப் பழகிய நிருபரின் சட்டம் அது.

1980 மே 20இல் சர்வசன வாக்கெடுப்பு. அதிற் களமிறங்கிய முக்கியமானோர் மூவர் செய்தித்துறையிலிருந்தும் ஒலி, ஒளிபரப்புத்துறையிலிருந்தும் வந்தோர் என்பது வியப்புக்குரியது. 'ஆம்' அணிக்கு லெவெக். 'இல்லை' அணிக்கு 'லு துவார்' நாளிதழின் முன்னாள் ஆசிரியர் குளோட் றயன். லெவெக்கின் அமைச்சரவையில், தொலைக்காட்சியில் நேயரைக் கட்டிப்போட்ட லீஸ் பயெற். பள்ளிப் பாடநூலில் வந்த அடக்கமான சிறுமி 'இவெற்'றைப் பழித்துப் பேசிய பயெற், றயனின் மனைவியும் ஓர் 'இவெற்' என்று கூறிவிட்டார். சில வாரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் தாமும் 'இவெற்'றுகளே என்று மொன்றியல் அரங்கொன்றை நிறைத்தனர். ஒளிபரப்பில் நகைச்சுவையாகப் போய்விடக்கூடிய ஒரு சொல் மேடையில் தன் அணியையே சுட்டது.

அதனிலும் என்னை வருத்துவது வாக்குச்சீட்டிலிருந்த வினா. நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள்! இறைமை பற்றிப் பேச்சுவார்த்தை நடத்த ஆணை தருவீர்களா, அதனுடன் பொருளாதாரக் கூட்டும் ஒரே நாணயமும் இருக்கும், மாற்றம் எதுவும் இன்னொரு வாக்கெடுப்பின் பின்னரே என்று அது வளைந்து வளைந்து சென்றது. அரசியல் நோக்கில் அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன, தயங்குவோரை அச்சுறுத்தலாகாது. ஆனால் உலகத்துச் சிக்கலை ஒரு வெண்கட்டிக் கோட்டில் தெளிவித்தவர், தம் வாழ்வின் பெருவினாவை மக்கள் இருமுறை வாசித்தும் மயங்கும்படி விட்டுவிட்டார். முடிவைத் தெரிந்துகொள்ள விளக்குபவனுக்கும், ஒரு முடிவு வரவேண்டுமென்று விளக்குபவனுக்கும் உள்ள தூரம் அந்த வாக்கியத்தின் நீளமே. அம்மா அஞ்சியதும் இதைத்தான்.

ஏறத்தாழ 60 சதவீதம் 'இல்லை' என்றது. அன்றிரவு மொன்றியலில் ஆதரவாளர் முன் வந்து நின்ற லெவெக்கை நெடுநேரம் பேசவிடாமற் கைதட்டியது கூட்டம். பேசத் தொடங்கியபோது, நீங்கள் சொல்வதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனாயின் 'அடுத்த முறை பார்ப்போம்' என்கிறீர்கள் என்ற கருத்தையே அவர் முதலிற் சொன்னார். தோற்ற தலைவர் தம் கருத்தை உரைக்கவில்லை. கூட்டம் கூறுவதைச் செவிமடுத்து அதனிடமே அறிக்கையிட்டார். 1985இற் பதவி விலகியபின் நினைவுக்குறிப்புகளை எழுதினார், ஒலிவாங்கிக்கும் திரும்பினார். 1987 நவம்பர் முதலாந் திகதி காலமானார்.