கொளத்தூரில் ஒரு கடல்!

சென்னை கொளத்தூரில் இறங்கி, 'மீன் கடை எங்கே?' என்று கேட்டால், 'குழம்புக்கா... தொட்டிக்கா?' என்று திருப்பிக் கேட்டாலும் கேட்பார்கள். அத்தனை வண்ண மீன் கடைகள்! கோல்டு ஃபிஷ், கப்பி, ஃபைட்டர் என்று பிளாஸ்டிக் பைகளில் மீன்கள் டூ வீலர் சவாரி போகின்றன. பெரும்பாலும் நல்ல தண்ணி மீன்கள். கடல் மீன் கடைகள் கொஞ்சம்தான்.

நான் தேடிப் போனது அதைத்தான். மனசில் ஒரு பாவக் கணக்கு. போன வருஷம் தொட்டி வாங்கிய அன்றே, கடல் உப்பைக் கரைத்து ரெண்டு க்ளௌன் மீன்களை விட்டேன். பத்தே நாள்... ரெண்டும் மல்லாந்துவிட்டன. அந்தப் பேச்செடுத்தாலே பையன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"ஃபில்டர் இல்லாம மீனை விட்டுட்டீங்களே, சார்!" என்றார் கடைக்காரர்.

"மோட்டார், பஞ்சு எல்லாம் இருந்துச்சே?"

"புதுப் பஞ்சு குப்பையைத்தான் பிடிக்கும். விஷத்தை யார் பிடிக்கிறது? இதோ, இதான் ஃபில்டர்!"

அவர் காட்டியது, ஊதாப் பூச்சு படர்ந்த ஓட்டைக் கல்!

மீன் கழிவில் வரும் அமோனியா, விஷம். கல்லில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். இது கொஞ்சம் சாது. கல்லுக்குள்ளே, ஆக்ஸிஜன் எட்டாத மூலையில் இருக்கும் மூன்றாவது கூட்டம், அதையும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் அனுப்பிவிடும். பி.காம். மூளைக்கு உடனே புரிந்தது... கணக்கு நேர்! உயிருள்ள கல், காற்றுக் குமிழ், வெயில் போதும் என்று ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961-லேயே எழுதிவிட்டார்.

"அப்போ ராமேஸ்வரம் போய் ரெண்டு பவளக் கல் எடுத்தாந்துடறேன்!"

"களி திங்க ஆசையா, சார்? 2001-லேர்ந்து சட்டத்துல பவளமும் புலியும் ஒரே அட்டவணை. செயற்கைக் கல் வாங்குங்க. எங்க பழைய தொட்டியிலேர்ந்து ஒரு துண்டு தர்றேன், கூடப் போடுங்க. தினம் ஒரு சிட்டிகை தீனி. நாலு வாரமோ, ஆறு வாரமோ... டெஸ்ட்ல அமோனியா, நைட்ரைட் ரெண்டும் சைபர் ஆனப்புறம் வாங்க."

"இப்ப மீன்?"

"தர மாட்டேன், சார்!"

வந்த வியாபாரத்தை வேண்டாம் என்ற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

இன்று 23-ம் நாள். மீனே இல்லாத தொட்டிக்குத் தீனி போடுகிறேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். பையன் மட்டும் தினமும் காலண்டரில் ஒரு கோடு போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கிறான்...

"பாக்டீரியா சாப்பிட்டுச்சாப்பா?"