விட்டன் ஓவலின் இரண்டாம் அணி

மெல்பர்ன் நகரத்தின் மேற்குப் பக்கம், வெஸ்ட் ஃபுட்ஸ்க்ரே ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் விட்டன் ஓவல் வந்துவிடும். வாசலில், இங்கே ஆடிய புகழ்பெற்ற ஆட்டக்காரர் டெட் விட்டனின் சிலை. வெஸ்டர்ன் ஓவலாக இருந்த மைதானத்துக்கு 1995-ல், அவர் காலமான ஆண்டில், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பக்கத்துப் பார்க்லி தெருவில் தோசைக்கடையும் மசாலாக் கடையுமாக நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அக்கா மகளின் வீடு அந்தப் பக்கம்தான். அவளுடைய பிரசவத்துக்குத் துணையாகப் போனவள், ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பாலின் ஒரு முழுப் பருவத்தை இருந்து பார்த்துவிட்டேன். அதுவும் இரண்டாம் அணியின் பருவத்தை.

“பெரிய மேட்ச்சுக்கு டிக்கெட் எடுக்கட்டுமா சித்தி? எம்.சி.ஜி. பாக்காம ஊருக்குப் போனா யாரும் நம்ப மாட்டாங்க” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒருமுறை போனேன். அந்த மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம் பிரமாண்டம்தான். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி விட்டன் ஓவலின் வேலியோரம்தான் போய் நின்றேன்.

ஆட்டம் இப்படி. நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டு கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். எறியக் கூடாது, முஷ்டியால் குத்தித்தான் இன்னொருவருக்குத் தர வேண்டும். ஒருவர் உதைத்த பந்தை இன்னொருவர் தரையில் விழாமல் பிடித்துவிட்டால் அது ‘மார்க்’. யாரும் தொந்தரவு செய்யாமல் அவர் உதைக்கலாம். அந்த மார்க்குக்காக அடுத்தவர் முதுகில் முழங்காலை ஊன்றி எழும்புகிறார்கள். முதன்முறை பார்த்தபோது கையிலிருந்த தேநீரை மறந்துவிட்டேன்.

ரிசர்வ் எனப்படும் இரண்டாம் அணி ஆட்டத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1919-ல் தொடங்கிய இரண்டாம் அணிகளின் போட்டி 1999 வரை தனியாக நடந்தது. பல ஆண்டுகள், மூத்த அணி ஆடும் அதே மைதானத்தில், அதற்கு முன்பாக ரிசர்வ் அணி ஆடும். காலையிலேயே வந்து வேலியோரம் இடம் பிடித்தவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுப் போவார்கள். 2000 முதல் இந்த அணிகள் வி.எஃப்.எல். என்ற விக்டோரிய லீக் போட்டிக்குள் வந்துவிட்டன. போர்ட் மெல்பர்ன், வில்லியம்ஸ்டவுன், வெர்ரிபீ என்று தனித்து நிற்கும் பழைய கிளப்புகளோடு பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள் மோதுகின்றன.

விட்டன் ஓவலில் ஆடும் அணியின் பெயர் ஃபுட்ஸ்க்ரே. ஏன் இந்தப் பெயர் என்று விளக்கியவர் வேலியோரம் என் பக்கத்தில் வழக்கமாக நிற்கும் ஒரு பாட்டி. 1989-ல் கடனில் இருந்த இந்தக் கிளப்பை ஃபிட்ஸ்ராய் என்ற இன்னொரு கிளப்போடு இணைத்துவிட லீக் முடிவு செய்தபோது, பீட்டர் கார்டன் என்ற வழக்கறிஞர் முன்னின்று எதிர்த்தார். ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ரசிகை நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். கிடைத்த சில வாரங்களில் மேற்குப் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பணம் திரட்டிக் கிளப்பை மீட்டன. பாட்டியும் உண்டியல் தூக்கியவராம். அப்படிக் காப்பாற்றிய கிளப்பின் முதல் அணி, 1997 பருவத்திலிருந்து வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று பெயர் மாறியது. அந்த ஆண்டோடு இந்த மைதானத்தைவிட்டும் போய்விட்டது. 2014-ல் கிளப் தன் சொந்த இரண்டாம் அணியை மறுபடி களமிறக்கியபோது, அதற்கு ஃபுட்ஸ்க்ரே என்றே பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டே அது கோப்பையை வென்றது. ஊரின் பெயரும் ஊரின் மண்ணும் இரண்டாம் அணியிடம்தான் இருக்கின்றன. அந்த அணியைக் குறைவாகப் பேசினால் பாட்டிக்குக் கோபம் வரும். எனக்கும் இப்போது வருகிறது.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் அணி இப்போது ஆடும் டாக்லண்ட்ஸ் அரங்கில் கூரையை மூடிவிடலாம். விட்டன் ஓவலிலோ, ஜூன், ஜூலையில் அடிக்கிற காற்று ஆட்டத்தின் கணக்கையே மாற்றிவிடும். காற்று பின்னாலிருக்கும் குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் கால்பகுதியில், ஒரு அணி கோல்களாகக் குவிக்கும். அடுத்த குவார்ட்டரில் முனை மாறியதும் அதே உதை பாதி தூரத்தில் தொங்கி நின்று எதிராளியின் கையில் விழும். காற்றுக்கு எதிராக ஆடும் இருபது நிமிடத்தில்தான் ஆட்டக்காரரின் தரம் தெரிகிறது. பந்தைத் தாழ்வாக, குட்டையாக, எல்லைக்கோட்டை ஒட்டியே நகர்த்தி, ஒரே ஒரு கோல் போட்டுவிட்டு வந்தாலும், விவரம் தெரிந்தவர்கள் அதற்குத்தான் அதிகம் கைதட்டுகிறார்கள்.

அணியைப் பாருங்கள். முழுநேர ஒப்பந்தத்தில் இருந்தும் இந்த வாரம் முதல் அணியில் இடம் கிடைக்காத இளைஞன். காயம் ஆறித் திரும்பி, மருத்துவர் அனுமதித்த நேரம் மட்டும் ஆடிவிட்டுக் குளிர்ச்சட்டை போட்டு உட்கார்ந்துவிடும் நட்சத்திரம். அவர்கள் பக்கத்திலேயே, வாரம் முழுக்க எலக்ட்ரீஷியனாகவோ ஆசிரியராகவோ வேலை பார்த்து, மாலையில் பயிற்சிக்கு வருபவர். போன வாரம் நன்றாக ஆடியவர் இந்த வாரம் இருக்க மாட்டார், மேலே எடுத்திருப்பார்கள். நன்றாக ஆடுகிறவரை இழந்துகொண்டேதான் இந்த அணி ஜெயிக்க வேண்டும். மேலே போக வேண்டியவர் தன் கோலுக்காக மட்டும் உதைத்தால் மன்னிக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தமக்கு நேரே கம்பம் தெரிந்தும் பக்கத்தில் ஓடி வருகிறவருக்குக் கொடுத்தார்கள். தேர்வாளர்கள் பார்ப்பதும் அதைத்தானாம்.

இப்படி இரண்டாம் அணியில் காத்திருந்து மேலே போனவர்களில் ஒருவர் இந்தக் கிளப்பின் டோனி லிபராடோரே. 163 சென்டிமீட்டர் உயரம்தான். 19 வயதுக்குட்பட்டோர் பிரிவில் சிறந்த ஆட்டக்காரருக்கான மாரிஷ் பதக்கத்தை 1984-லும், ரிசர்வ் போட்டியின் கார்டினர் பதக்கத்தை 1986, 1988 என இரண்டு முறையும் வாங்கினார். முதல் முறை வாங்கியும் ரிசர்விலேயே இருந்து இரண்டாவதையும் வாங்க வேண்டியிருந்தது. 1990-ல் லீக்கின் உச்ச விருதான பிரவுன்லோ பதக்கம் அவர் கழுத்தில் விழுந்தது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளை அவர் எப்படிக் கடந்தார் என்று இந்த வேலியோரத்தில் நின்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஆனாலும் இரண்டாம் அணியிலிருந்து மேலே போன கதை என்றால் எல்லோரும் 2019-ஐத்தான் சொல்கிறார்கள். ரிச்மண்டின் மார்லியன் பிக்கெட், இளவயதில் சிறையில் இருந்து மீண்டவர், 27 வயதில் ரிசர்வ் இறுதியாட்டத்தில் களத்திலேயே சிறந்தவராகத் தேர்வானார். அடுத்த சனிக்கிழமை எம்.சி.ஜி.யில், ஒரு லட்சம் பேர் முன்னால், முதல் அணியின் இறுதியாட்டம். அதுதான் அவருடைய முதல் ஆட்டம். இறுதியாட்டத்திலேயே அறிமுகமானவர் 1952-க்குப் பிறகு வேறு யாரும் இல்லை. ஒரு கோலும் போட்டார். ரிச்மண்ட் 89 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

எனக்கு மிகப் பிடித்தது குவார்ட்டர் இடைவேளை. சைரன் ஒலித்ததும் வேலியைத் தாண்டி எல்லோரும் மைதானத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். குழந்தைகள் பந்து உதைக்க, பெரியவர்கள் அணியைச் சுற்றி நின்று பயிற்சியாளர் பேசுவதைக் கேட்கிறார்கள். வியர்வையும் சேறும் தைல வாசனையும் எட்டுகிற தூரம். ‘அந்தப் பக்கம் ஆளே இல்லாமல் விட்டுவிட்டோம்’ என்று அவர் திட்டுவதை, தலைகுனிந்து கேட்கும் பையனுக்கு இரண்டடி பின்னால் நின்று நானும் கேட்டிருக்கிறேன். பெரிய அரங்கில் இது நடக்காது.

பருவம் முடிந்ததும் கிளப்புகள் ஒப்பந்தப் பட்டியலைக் குறைக்கும். நான் மாதக்கணக்கில் கவனித்துவந்த உயரமான முன்கள ஆட்டக்காரருக்கு, முதல் அணியில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. அவர் பெயரும் போய்விட்டது. நான் ஊர் திரும்பிய பிறகு அக்கா மகள் செய்தி அனுப்பினாள். மேற்குப் பக்கத்திலேயே இன்னொரு கிளப்பில் சேர்ந்துவிட்டாராம். புதுப் பருவத்தில் விட்டன் ஓவலுக்கு எதிரணியாக வந்து, காற்றுக்கு எதிரான குவார்ட்டரில் இரண்டு கோல் போட்டிருக்கிறார். பாட்டி கைதட்டினாராம்.