நீருக்கு இட்ட பெயர்கள்

திருமங்கையாழ்வார் திருநீர்மலைக்கு எழுந்தருளியபோது, மலையைச் சுற்றி வெள்ளம் அகழிபோல் சூழ்ந்திருந்தது என்பது தலவரலாறு. நீர் வடியும்வரை ஆறு திங்கள் காத்திருந்து, அதன் பின்னரே அவர் பெருமாளைச் சேவித்தார் என்பர். அடிவாரத்தில் நின்ற கோலத்தில் அருள்பவரின் திருநாமமே நீர்வண்ணப் பெருமாள். தலத்தின் வடமொழிப் பெயராகிய தோயாத்ரி என்பதற்கும் நீர்மலை என்பதே பொருள்.

அந்த நீரின் வழி இன்றும் இருக்கிறது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகைநீர் அடையாறாகத் திரள்கிறது. முடிச்சூர், வரதராஜபுரம் ஓரமாக வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் ஏற்றுக்கொண்டு, சைதாப்பேட்டை வழியே கடலை அடைகிறது.

இவ்வாறு ஓடும் நீரை முன்னோர் ஓர் உயிராகவே கண்டனர். அதற்குக் காலும் வாயும் முகமும் கொடுத்தனர். ஏரிக்கு நீர் கொண்டுவருவது வரத்துக்கால். வயலுக்குக் கொண்டுசெல்வது வாய்க்கால். ஏரி நிரம்பியபின் கலிங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்வது மறுகால். கடலைக் கூடுமிடம் கழிமுகம். 'ஆறு' என்ற சொல்லுக்கே வழி, நெறி என்னும் பொருள்களும் உண்டு. 'ஒழுகுதல்' என்பது நீர் ஓடுவதையும் குறிக்கும், மனிதர் நடந்துகொள்வதையும் குறிக்கும். ஒழுக்கம் என்னும் சொல் அங்கிருந்தே பிறந்தது.

ஆங்கிலமும் இத்துறையில் ஏழை மொழியன்று. 'ரிவர்' என்னும் சொல், கரையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியில் வந்தது. போட்டியாளரைக் குறிக்கும் 'ரைவல்' என்பதோ, ஒரே ஓடையின் நீரைப் பங்கிட்டுக்கொள்வோர் என்ற பொருளில் தோன்றியது. பக்கத்து வயல்காரர் எதிரியாவதற்கு வாய்க்காலே காரணம் என்பதை அந்நாட்டவரும் அறிந்திருந்தனர். அணைக்கட்டு என்னும் தமிழ்ச் சொல் 'அனிகட்' என்றும், கலிங்கல் 'கலிங்குலா' என்றும் ஆங்கிலேயப் பொறியாளர்களின் வழக்கில் புகுந்தன. இந்த நாட்டின் நீரை ஆள்வதற்கு இந்த நாட்டுச் சொற்கள் அவர்களுக்கும் வேண்டியிருந்தன.

ஆனால் இன்று தாம்பரம் புறநகரில் அத்தனை பெயர்களையும் விழுங்கிவிட்டது ஒரே சொல்: 'டிரெயினேஜ்'. அதன் வேர், உலர்ந்தது என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லோடு உறவுடையது என்று சொல்லாராய்ச்சியாளர் காட்டுவர். நீரை வைத்துக்கொள்வது அச்சொல்லின் கருத்தன்று, அகற்றுவதே கருத்து. மறுகால் என்று அறிந்தவர் அதன் மறுமுனையில் இன்னோர் ஏரி இருப்பதை அறிவார். 'டிரெயினேஜ்' என்று மட்டுமே அறிந்தவர் குப்பையைக் கொட்டக் கூசுவதில்லை. அதன்மேல் சுவர் எழுப்பவும் தயங்குவதில்லை.

2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர், வரதராஜபுரம் வீதிகளில் படகுகள் சென்றன. அவ்வளவு பெருமழையை எந்த ஊரும் எளிதில் தாங்கிவிடாது. ஆயினும் கால்கள் குறுகிய இடங்களில் நீர் வீடுகளின் வழியே தன் பாதையைத் தேடிக்கொண்டது; கூடத்தையும் பூஜையறையையும் அது வேறுபடுத்திப் பார்க்கவில்லை.

தாம்பரத்தின் கிழக்குப் பக்கத்திலும் இதே நிலைதான். சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் மிகைநீர், ஏரிக்கு ஏரி இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர்ந்து, ஒக்கியம் மடுவின் வழியே கடலை நோக்கிச் செல்கிறது. மடு என்றவுடன் காளிங்க நர்த்தனம் பக்தர்களின் நினைவுக்கு வரும். நஞ்சு கலந்த நீரைக் கண்ணன் கைவிட்டுவிடவில்லை. உள்ளே இறங்கித் தூய்மை செய்தான். அவனுக்கு விளக்கேற்றும் இல்லங்களின் கழிவே இன்றைய மடுவுக்கு நஞ்சாவது பொருந்துமா? 2022-ஆம் ஆண்டு பள்ளிக்கரணை, ராம்சார் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நெடுங்காலம் குப்பைமேடாக நடத்தப்பட்ட நிலத்துக்கு உரிய பெயர் திரும்பக் கிடைத்தது என்றே இதைக் கொள்ளலாம்.

நீராடும்போது கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவிரி என ஏழு நதிகளையும் பெயர் சொல்லிச் செம்பு நீரில் எழுந்தருளச் செய்வது வழிவழி வந்த மரபு. பெயர் சொல்லி அழைத்தால் வருவாள் என்பதே அதன் நம்பிக்கை. அப்படியானால், பெயர் மறந்தால் விலகிவிடுவாள் என்பதும் அதனுள் அடங்கியதே.

இப்புறநகரின் கால்களையும் கலிங்கல்களையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடியவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. பேரப்பிள்ளைகள் பள்ளியில் 'ரிவர்', 'கனால்' என்று கற்பது நல்லதே. திருநீர்மலைப் படியேறும்போது கீழே தெரியும் நீர்நிலையைக் காட்டி, இது ஏரி, அது மறுகால், அப்பால் ஓடுவது அடையாறு என்று ஒருமுறை சொல்லிக்கொடுப்பது தாத்தா பாட்டிகளால் ஆகக்கூடியது. பொன்னையும் பொருளையும் போலவே, இப்பெயர்களும் அவர்கள் விட்டுச்செல்ல வேண்டிய சொத்து.