பூட்டு திறந்தால் போதுமா?

பழைய டேப்லெட் பூட்டிக்கொண்டால் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: திறக்க முடியுமா, இல்லை புதிதாக வாங்கிவிடலாமா? முடிவை அந்தப் பூட்டின் தலையில் கட்டிவிடுகிறோம். பூட்டுக்குப் பெரும்பாலும் வழியுண்டு, வயதுக்குத்தான் கிடையாது என்பது என் கட்சி. ஐபேடையே எடுத்துக்கொள்வோம். கடவு எண்ணைத் திரும்பத் திரும்பத் தவறாக இட்டால் அது ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று காக்கவைத்து, கடைசியில் முடங்கிவிடும். கணினியோடு கேபிளில் இணைத்து, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்து, மென்பொருளை மறுபடி ஏற்றலாம். ஆனால் திரும்பிவருவது கருவி மட்டும்தான். படங்களும் குறிப்புகளும் ஐகிளவுடிலோ கணினியிலோ பிரதி இருந்தால்தான் கிடைக்கும். அழித்த பிறகும் இன்னொரு காவல் உண்டு. 2013-ல் ஐஓஎஸ் 7-உடன் வந்த ஆக்டிவேஷன் லாக், பழைய ஆப்பிள் ஐடியையும் பாஸ்வேர்டையும் கேட்கும். அதுவும் மறந்துபோயிருந்தால் வாங்கிய ரசீதோடு ஆப்பிளிடமே விண்ணப்பிக்கலாம். (அந்த ரசீதை யார் பத்திரப்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை.)

இத்தனையும் செய்து திறந்த பிறகு கையில் என்ன இருக்கிறது? 2011-ல் வந்த ஐபேட் 2, 2014 வரை கடைகளில் விற்றது. 2016-ல் வந்த ஐஓஎஸ் 10 அதற்குக் கிடைக்கவில்லை. கடைசியாக வாங்கியவருக்கு இரண்டரை ஆண்டுதான் வாழ்வு. திரையில் கீறல் இல்லை, பேட்டரியும் ஓரளவு நிற்கிறது என்றாலும் வெளியுலகம் அதை விட்டு நகர்ந்துவிட்டது. 2021 செப்டம்பர் 30 அன்று, இணையதளங்களின் நம்பகத்தன்மைக்குச் சான்று தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களைத் தாங்கிய பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதிய மூலச் சான்றிதழை அறியாத ஐஓஎஸ் 9 போன்றவற்றின் பிரவுசரில் பல தளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை காட்டத் தொடங்கின. செயலிகளின் நிலையும் அப்படித்தான். பழைய ஐபேடுக்கு ஆப் ஸ்டோர் பழைய பதிப்பைத் தரும், ஆனால் பொதுவாக அந்தக் கணக்கில் முன்பே அந்தச் செயலியை இறக்கியிருந்தால்தான். ஆகவே பழைய கணக்கை விட்டுப் புதுக் கணக்கில் தொடங்கினால், பூட்டுவதற்கு முன் இருந்ததைவிட ஏழையாகத்தான் அது திரும்பும்.

நல்ல கண்ணாடியையும் உலோகத்தையும் குப்பையில் போடச் சொல்வது கம்பெனிக்குச் சாதகமான பேச்சில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வன்பொருள் உழைக்கும்போதே மென்பொருளை நிறுத்துவது வாங்கியவருக்கு இழைக்கும் அநீதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறைக்கு வந்த விதி, விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு டேப்லெட்டுக்கு அப்டேட் தரச் சொல்கிறது. கணக்கை விற்பனை முடிவிலிருந்து தொடங்கியதுதான் அதன் நியாயம். ஆனால் அந்த விதி பழைய ஐபேட் 2-க்கு உயிர் கொடுக்காது. பிடிஎஃப் படிக்க, பாட்டுக் கேட்க என்று ஒற்றை வேலைக்கு, இணையம் இல்லாமல், அதை வைத்துக்கொள்ளலாம். அதற்காகப் பூட்டைத் திறப்பதும் தகும். வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் பார்க்க என்றால் தகாது. பூட்டு சிரமப்படுத்துகிறது, அதை நீக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில்: திருடனுக்கு அந்த டேப்லெட் பயனற்றுப் போவது இந்தச் சிரமத்தால்தான்.

எனவே பூட்டிய டேப்லெட்டைக் கையில் எடுத்ததும் கடவு எண்ணை யோசிக்க வேண்டாம். எந்த மாடல், எந்தப் பதிப்போடு நின்றது என்று முதலில் பாருங்கள். இன்னும் அப்டேட் வந்தால் மெனக்கெட்டுத் திறவுங்கள். நின்றுபோயிருந்தால் அந்த உழைப்பைப் படங்களின் பிரதியைத் தேடுவதில் செலவிடுங்கள். மாற்றாகப் பழையதையே வாங்குவதாக இருந்தால், விற்பவர் தன் கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் கண்முன் அழித்துத் தராத டேப்லெட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.